ஜனவரியில் மேட்டுப்பாளையம் – ஊட்டி சைக்கிள் பயணம்: எதை உடுத்துவது, எதைப் பையில் வைப்பது?

மிதி_கோவை கேட்டது:

ஜனவரி மூன்றாம் வாரம் நாங்க நாலு பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியா ஊட்டிக்கு ஏறப்போறோம். காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள்ள மேலே சேர்ற திட்டம். ராத்திரி அங்கேயே தங்கிட்டு, மறுநாள் காலை 6 மணிக்கு அதே ரோட்டில் இறங்கணும். எல்லாருக்கும் சமதரையில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. குளிரில் யாரும் ஓட்டினதில்லை.

கையில் இருப்பது: அரைக்கை சைக்கிள் ஜெர்சி, பேட் வச்ச ஷார்ட்ஸ், அரைவிரல் க்ளவுஸ், காட்டன் பனியன், மோட்டார் பைக்குக்கு வாங்கின மழைக்கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. சீட்டுக்குப் பின்னாடி 10 லிட்டர் பை ஒண்ணு, ஜெர்சி பாக்கெட் மூணு. இடம் அவ்வளவுதான். இதில் எது உதவும், எதைப் புதுசா வாங்கியே ஆகணும்? தெர்மல் இன்னர் போட்டுட்டு ஏறலாமா?

காட்ரோடு எழுதியது:

உங்க பட்டியலில் ஏற்றத்துக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் இருக்கு. இறக்கத்துக்கு வேண்டியதுதான் குறையுது. மலையில் குளிர் கடிக்கிறது இறங்கும்போதுதான், அதனால் இறக்கத்துக்கான துணியை முதலில் முடிவு பண்ணுங்க. ஏறும்போது அது பையில் இருக்கட்டும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே 19 டிகிரி இருக்கிற நேரத்தில் மேலே 6, 7 டிகிரிதான். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்கி இன்னும் இறங்கும். ஊட்டியை ஒட்டின தலைக்குந்தா, காந்தல் பக்கம் ஜனவரியில் புல்மேல் உறைபனி படியறது வழக்கம்.

ஏறும்போது இது எதுவும் உங்களுக்கு உறைக்காது. மிதியில் 150 வாட் கொடுத்தால் உடம்பு கூடவே 500 வாட் அளவுக்குச் சூடு உண்டாக்கும், வேகமோ மணிக்கு 8, 10 கிலோமீட்டர்தான். இறங்கும்போது மிதிக்கிற வேலை கிடையாது. உடம்புச் சூடு 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே, வேகம் 40. காற்று 5 டிகிரியில் இருந்தால், கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்துற காற்றுக்குளிர் கணக்குப்படி 10 கிலோமீட்டர் வேகத்தில் அது 3 டிகிரி மாதிரி உறைக்கும். 40-ல் மைனஸ் 1 மாதிரி. அந்தக் கணக்கும் உலர்ந்த தோலுக்குப் போட்டது. உள்ளே துணி நனைஞ்சிருந்தால் இதைவிட மோசம்.

அதனால்தான் காட்டன் பனியனை வீட்டிலேயே விட்டுட்டு வரச் சொல்றேன். காட்டன் வியர்வையைக் குடிச்சு வச்சுக்கும், சீக்கிரம் விடாது. காற்றுபட்டு அது காயும்போது, காயறதுக்கு வேண்டிய சூட்டை உங்க நெஞ்சிலிருந்துதான் எடுக்கும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் நூல் தண்ணியை அநேகமா உள்ளே இழுக்காது. மெரினோ கம்பளி தன் எடையில் மூணில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கினாலும் கதகதப்பை முழுசா இழக்காது, ஆனால் காய நேரமாகும். ஏற்றத்துக்கு மெல்லிய, கையில்லாத, வலைமாதிரி பின்னின பாலியெஸ்டர் இன்னர் நல்லது. இறக்கத்துக்கு முழுக்கை மெரினோ அல்லது பாலியெஸ்டர். கடையில் ‘தெர்மல்’ என்று விற்கிறதில் பலதும் காட்டன் கலந்தது. பெட்டியில் இருக்கிற படத்தை நம்பாமல் உள்ளே தச்ச லேபிளைப் பாருங்க. எந்தத் துணியானாலும் சரி, தடிச்ச தெர்மலைப் போட்டுட்டு ஏறாதீங்க. அடிவாரத்துல இருக்கிற கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்திலேயே நனைஞ்சு போகும்.

வாங்க வேண்டியது, எனக்குத் தோணுற முக்கியத்துவ வரிசையில்: முழுவிரல் க்ளவுஸ், மேலே சொன்ன இரண்டு இன்னர், கைக்கு ஆர்ம் வார்மர் (தனியா மாட்டிக் கழட்டுற துணி உறை) ஒரு ஜோடி, முழங்காலுக்கு அதேமாதிரி ‘நீ வார்மர்’ (knee warmer) ஒரு ஜோடி, காதையும் கழுத்தையும் மூட மெல்லிய பஃப் (குழாய்மாதிரி தச்ச துணி). காற்றுபுகாத ஜாக்கெட் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, அந்த மழைக்கோட்டுதான். பாலிதீன் பூச்சு உள்ள கோட்டு வியர்வையை வெளியே விடாது என்பதால் ஏற்றத்தில் தொடக்கூடாது. இறக்கத்தில் வியர்வையே இல்லாததால் அந்தக் குறை தெரியாது. தொளதொளன்னு இருந்தால் காற்றில் படபடத்து வண்டியை இழுக்கும், இடுப்பிலும் மணிக்கட்டிலும் வெல்க்ரோ பட்டை போட்டு இறுக்குங்க. பிரதிபலிக்கிற பட்டையா வாங்கினால் மூடுபனியில் பின்னால் வர்ற வண்டிக்கும் தெரியும்.

நீ வார்மரின் மேல்விளிம்பு ஷார்ட்ஸுக்கு உள்ளே போகணும், வெளியே இல்லை. வெளியே போட்டால் ஏழெட்டு கிலோமீட்டரில் வழுக்கி இறங்கிடும். ஆர்ம் வார்மரும் அப்படித்தான், ஜெர்சிக் கைக்குள்ளே விடுங்க.

ஸ்வெட்டர் இருக்கட்டும், ஆனால் தனியா போட்டால் பயனில்லை. பின்னல் வழியா காற்று நேரா உள்ளே வரும். மழைக்கோட்டுக்குள்ளே போட்டால்தான் அது வேலை செய்யும்.

குரங்குக் குல்லா வேண்டாம். ஹெல்மெட்டுக்கு அடியில் தடிச்ச துணி இருந்தால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலே தூக்கி நிற்கும், விழுந்தால் நகர்ந்துடும். பஃப் போட்டு, பின்னால் இருக்கிற திருகை ஒரு கிளிக் தளர்த்தினால் போதும்.

இரண்டு_பல்லுச்சக்கரம் எழுதியது:

காட்ரோடு கைக்கு முதலிடம் கொடுத்தது சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்லணும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாது. லிவரைப் பிடிச்ச மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. குன்னூரிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது இதுதான் நிஜமான ஆபத்து.

விரல் குளிர்றதுக்கு க்ளவுஸ் மெல்லிசா இருப்பது மட்டும் காரணம் இல்லை. ஏறும்போதே போட்டு உள்ளே வியர்க்க விட்டு, அதே ஈரத்தோடு இறங்குவதுதான் பெரிய காரணம். ஏற்றம் முழுக்க அரைவிரல் க்ளவுஸ் போதும். முழுவிரல் க்ளவுஸை மடிச்சு ஜெர்சியின் நடுப் பாக்கெட்டில் வச்சால் முதுகுச் சூட்டில் இளஞ்சூடா இருக்கும்னு சிலர் சொல்வாங்க. செய்யாதீங்க, முதுகு வியர்வை அதில் ஏறிடும். தண்ணி புகாத உறையில் போட்டுப் பையில் வைங்க.

பின்னல் க்ளவுஸ்தான் இருக்கு, செலவு பண்ண முடியாதுன்னா, அதுக்கு மேலே பாத்திரம் கழுவுற ரப்பர் க்ளவுஸ் ஒரு அளவு பெருசா வாங்கிப் போடுங்க. காற்றும் மழையும் உள்ளே வராது, லிவர் பிடியும் வழுக்காது. அழகு கம்மி, வேலை நல்லா நடக்கும்.

தடிச்ச க்ளவுஸ் போட்டதும் லிவர் எட்டுதான்னு வீட்டிலேயே பாருங்க. பெரும்பாலான லிவரில் தூரத்தைக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பின பிறகு, லிவரை முழுசா அழுத்தினால் ஹேண்டிலில் இடிக்காமல் பிரேக் பிடிக்குதான்னு உறுதி பண்ணுங்க. இடிச்சால் கேபிளை இறுக்கணும்.

காலுக்கு: இரண்டு சாக்ஸ் போடறது பெரும்பாலும் தப்பான வைத்தியம். இறுகின ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிச்சால் ரத்த ஓட்டம் குறையும், கதகதப்பைப் பிடிச்சு வைக்கிற காற்று இடமும் போயிடும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், விரல் அசையறதுக்கு இடம், அது போதும். ஷூவில் காற்றுத்துளை இருந்தால் இறங்குறதுக்கு முன்னால் மேல்பக்கம் துணி டேப் ஒட்டுங்க. கிளீட் ஷூன்னா (பெடலில் பூட்டிக்கிற கொக்கி அடியில் வச்ச ஷூ) அடியில் திருகு துளை வழியாவும் குளிர் ஏறும். ஷூவுக்குள் இருக்கிற இன்சோலை எடுத்துட்டு, அடியில் சமையல் அலுமினியத்தாள் ஒரு மடிப்பு வச்சு, அதுமேல் இன்சோலைப் போடுங்க. சாக்ஸுக்கு மேலே பிளாஸ்டிக் கவர் மாட்டுற யோசனை இணையத்தில் நிறைய இருக்கும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, அடிவாரச் சாவடியில் பையைப் பார்த்தால் எடுத்துடுவாங்க. மலைக்கும் அது வேண்டாம்.

மிதி_கோவை:

நன்றிங்க. மூணு சந்தேகம். (1) நீ வார்மர் இல்லாமல் ஷார்ட்ஸோடு இறங்கினால் என்ன ஆகும்? (2) குன்னூரில் டீக்கு நிற்கும்போது என்ன பண்ணணும்? (3) மழை வந்தால்?

காட்ரோடு:

1. முழங்கால் மூட்டில் சதை கிடையாது, காற்று நேரா எலும்பிலும் தசைநாரிலும்தான் படும். அரைமணி நேரம் மிதிக்காமல் விறைச்சுப்போய், வழியில் வர்ற சின்ன ஏற்றத்தில் திடீர்னு எழுந்து மிதிச்சால் வலி பிடிக்கும். 15 டிகிரிக்குக் கீழே முழங்காலை மூடறது சைக்கிள்காரர்களிடம் பழைய வழக்கம். இறக்கத்திலும் மிதியைச் சும்மா சுத்திக்கிட்டே வாங்க.

2. நின்ற நிமிஷமே, வியர்வை குளிர்றதுக்கு முன்னாடி ஜெர்சி ஜிப்பை மேலே ஏத்தி, மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கங்க. குளிர் தெரிஞ்ச பிறகு போட்டால் அந்தச் சூட்டைத் திரும்பக் கொண்டுவர ரொம்ப நேரமாகும். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதீங்க, வெயில் படற பக்கமா நில்லுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டைக் கழட்டிடுங்க. முதல் ஐந்து நிமிஷம் லேசா குளிரணும். கிளம்பும்போதே இதமா இருந்தால் துணி அதிகம்னு அர்த்தம்.

3. குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் கொட்டும், டிசம்பரிலும் வரும். ஜனவரியில் குறைவு, ஆனாலும் கோட்டு பையில் இருக்கட்டும். மழையில் கோட்டின் கை க்ளவுஸுக்கு வெளியே இருக்கணும். சைக்கிளில் கை தோளைவிடத் தாழ்ந்து இருக்கிறதால் தண்ணி கைவழியா கீழே ஓடி நேரா க்ளவுஸுக்குள் போகும். உலர்ந்த குளிரில் இதையே மாத்திப் போடுங்க: க்ளவுஸ் வெளியே, கோட்டுக் கை உள்ளே. அப்போ மணிக்கட்டில் காற்று புகாது.

ஸ்காபரோ_சில்லு எழுதியது:

ரொறன்ரோவிலயிருந்து ஒரு குறிப்பு. இஞ்ச மைனஸ் 10-ல வேலைக்குச் சைக்கிளில போறவை நிறையப் பேர். 25 கிலோமீட்டர் வேகத்தில அது தோலுக்கு மைனஸ் 19 மாதிரி இருக்கும். அதுக்கு ஏத்த உடுப்பு வேற: தடிச்ச சப்பாத்து, ஒரு அளவு பெரிசு; கிளீட் இல்லாத தட்டைப் பெடல், ஏனெண்டால் இரும்புக் கிளீட் காலின்ர சூட்டை இழுத்துக்கொண்டு போகும்; ஹேண்டிலோட பூட்டுற கையுறைப் பை, அதுக்குள்ள மெல்லிய கையுறை. உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, வாங்கிக் காசை வீணாக்காதேங்கோ.

ஆனால் ஒண்டு ரெண்டு இடத்துக்கும் பொருந்தும். மைனஸ் 8-ல உலர்ந்த உடுப்போட ஓடுறதைவிட, 4 டிகிரியில நனைஞ்ச உடுப்போட ஓடுறது கஷ்டம். அதனால நீங்கள் தடிப்பான உடுப்பைப் பற்றி யோசிக்கிறதைக் குறைச்சு, மாத்த ஒரு உலர்ந்த இன்னர் கொண்டுபோறதைப் பற்றி யோசியுங்கோ. இறகு அடைச்ச ஜாக்கெட்டை ஓடும்போது போடவேண்டாம். வியர்வை பட்டால் இறகு கட்டிபட்டு ஒண்டுக்கும் உதவாது. மேஸ் (சாக்ஸ்) கம்பளியா இருந்தால் காணும்.

கண்ணாடி கட்டாயம், நிறமில்லாதது. வேகமா இறங்கும்போது குளிர்காத்தில கண் கலங்கி வளைவு மங்கலாத் தெரியும். பஃப்பை மூக்குக்கு மேல இழுத்தால் மூச்சு மேல போய்க் கண்ணாடி மங்கும். மூக்கை வெளியில விட்டு நாடி வரைக்கும் மூடுங்கோ.

இரண்டு_பல்லுச்சக்கரம்:

சில்லு அண்ணா சொன்னதோடு ஒண்ணு. பழைய முறை, இன்றைக்கும் இதுக்கு இணை இல்லை: நாளிதழ். ஊட்டியில் கிளம்பும்போது நாலைந்து தாளை அப்படியே மடிச்சு, இன்னருக்கும் ஜெர்சிக்கும் நடுவே நெஞ்சிலிருந்து அடிவயிறு வரைக்கும் வைங்க. காற்றுத் தடுப்பு, எடை கிடையாது, குன்னூரில் சூடு ஏறினதும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடலாம். ஜெர்சி இறுக்கமா இருந்தால்தான் நிற்கும், தொளதொள டீ-சர்ட்டில் நழுவிடும்.

கிளம்பற நேரத்தைப் பத்தி யாரும் சொல்லலை. 6 மணிக்கு வெளிச்சமே சரியா வராது, ரோட்டில் பனி ஈரம், குளிர் உச்சத்தில் இருக்கும். 8 மணிக்குக் கிளம்பினால் வெயில் வந்துடும், ஊட்டியில் வெயில் ஏறினதும் வெப்பநிலை வேகமா ஏறும். எந்த ஜாக்கெட்டும் இந்த இரண்டு மணிநேரத்துக்கு ஈடு இல்லை.

காட்ரோடு:

8-ஐ நானும் ஒத்துக்கறேன், அதுக்கு மேலே தள்ளாதீங்க. வார இறுதின்னா 9 மணிக்கு மேல் கீழிருந்து ஏறுற வண்டி நெரிசல் ஆகிடும், வளைவில் உங்க பாதி ரோட்டிலும் பஸ் வரும். 7:30 நடுவில் சரியா இருக்கும்.

இறங்கும்போது உடம்பு நடுங்க ஆரம்பிச்சால் அந்த நடுக்கம் கை வழியா முன்சக்கரத்துக்குப் போய் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கலாம். பயந்து இறுக்கிப் பிடிச்சால் ஆட்டம் கூடும். இரண்டு முழங்காலாலும் மேல் ஃபிரேம் குழாயை இடுக்கிப் பிடிச்சு, பிடியைத் தளர்த்தி, பின்பிரேக்கை மெதுவா கொடுத்து ஓரமா நில்லுங்க. நின்ற இடத்தில் கையைக் கக்கத்தில் வச்சு, வண்டியைத் தள்ளிக்கிட்டு ஐந்து நிமிஷம் நடந்தால் சூடு வரும். கூட வர்றவர் பேச்சு குழறினாலோ, ஜிப்பைப் போட விரல் வரலைன்னாலோ, அவரை அதுக்கு மேல் ஓட்ட விடாதீங்க. டீக்கடையிலோ பஸ்ஸிலோ ஏத்துங்க.

குன்னூரில் நின்று ஸ்வெட்டரையும் நாளிதழையும் எடுத்துடுங்க. பர்லியாறில் மழைக்கோட்டு, நீ வார்மர், பஃப். கல்லாறில் க்ளவுஸ் மாத்தலாம், அங்கே வெயில் சுடும்.

மிதி_கோவை:

மிக்க நன்றி, 7:30-க்கு மாத்திட்டோம். ஏறின அன்னிக்கு நனைஞ்ச இன்னரையும் ஷார்ட்ஸையும் ராத்திரியே துவைச்சால் ஊட்டிக் குளிரில் காயுமா?

இரண்டு_பல்லுச்சக்கரம்:

பாலியெஸ்டர் இன்னர் காயும். துவைச்சதும் பிழிஞ்சு, உலர்ந்த துண்டில் விரிச்சு, துண்டோடு சுருட்டி முறுக்குங்க, பாதி ஈரம் துண்டுக்குப் போயிடும். பிறகு ஜன்னல் ஓரமா இல்லாமல் அறையின் உள்சுவர்ப் பக்கம் தொங்கவிடுங்க. ஷார்ட்ஸின் பேட் காயாது. தடிச்ச நுரை என்பதால் காலையிலும் ஈரமாத்தான் இருக்கும், ஈரப் பேடோடு இறங்கினால் தொடை உரசிப் புண்ணாகும். இன்னொரு ஷார்ட்ஸ் கொண்டு போங்க, 10 லிட்டர் பையில் இடம் இருக்கும். துணிக்கு மென்மை தர்ற திரவம் எதுவும் சேர்க்காதீங்க. நூல்மேல் படிஞ்சு, வியர்வையை வெளியே கடத்துற குணம் கெட்டுடும்.