முறிந்த எக்ஸோஸ்ட் ஸ்டட்: ஹெட்டைக் கழற்றாமல் எடுக்க வழி உண்டா?

கொக்குவில்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ரொயோட்டா கொரோலா 110, ஊர்காவற்றுறையில் உறவினர் ஒருவரிடம் பல ஆண்டுகள் ஓடிய பின் என் கைக்கு வந்தது. காலையில் எஞ்சினை இயக்கியவுடன் ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கிறது, சூடேறியதும் குறைந்துவிடுகிறது. எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மனிபோல்ட்டின் மேல்தகட்டை அகற்றிப் பார்த்தபோது, அதை ஹெட்டோடு (எஞ்சினின் மேற்பகுதியோடு) பிடித்திருக்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்டுகளில் நான்காம் சிலிண்டர்ப் பக்கத்துக் கடைசி ஸ்டட் முறிந்திருப்பதையும், அந்த மூலையில் காஸ்கட்டைச் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகட்டைச்) சுற்றிக் கரி படிந்திருப்பதையும் கண்டேன். முறிந்த துண்டு மனிபோல்ட்டின் துளைக்குள் தெரிகிறது. மற்றைய நட்டுகளோ கறள் ஏறி, அசைய மறுக்கின்றன. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். அது கட்டாயந்தானா?

சுன்னாகம் மெக்கானிக்:
தம்பி, கட்டாயமில்லை. மற்ற நட்டுகளை முறிக்காமல் எடுப்பதில்தான் முதலில் உங்கள் கவனம் இருக்க வேண்டும். எக்ஸோஸ்ட் வெப்பத்தில் எண்ணெய்ப் பசை எரிந்துபோக, வெறும் இரும்பில் கறள் ஏறுகிறது. கறள் இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால் மரையின் இடைவெளி முழுவதும் அடைபட்டுவிடுகிறது. தீவுப் பகுதியின் உப்புக்காற்றில் நின்ற வாகனம் என்றால் கேட்கவே வேண்டாம்.

வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, கறள் இளக்கும் எண்ணெயை முதல்நாள் மாலையே விட்டு, ஸ்டட்டின் முனையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பன்னிரண்டு முனைச் சொக்கட் வேண்டாம். ஆறு முனைச் சொக்கட் நட்டின் பக்கங்களை முழுதாகப் பிடிக்கும். முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பிப் பின் தளர்த்துங்கள். நட்டு ‘கிரீச்’ என்று முனகினால் அதற்கு மேல் இழுக்காமல் திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே எடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, காஸ் சுவாலையால் நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்கி, சிவப்பு மங்கியதும் திருப்புங்கள். சுவாலை ஹெட்டில் படவே கூடாது. அலுமினியம் ஏறத்தாழ 660 பாகை செல்சியசில் உருகும்; இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது.

முறிந்த துண்டு மனிபோல்ட்டை எடுத்தபின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் சற்றுப் பெரிய நட்டு ஒன்றை வைத்து, உள்வட்டத்தை மிக் வெல்டிங்கால் நிரப்புங்கள். வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே கறளின் பிடியையும் தளர்த்திவிடும். சற்று ஆறியதும் முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். ஒட்டு விட்டுப்போனால் மனந்தளராமல் இன்னொரு நட்டை வையுங்கள். நாகப்பூச்சு உள்ள நட்டு வேண்டாம், அதன் வெண்புகை உடலுக்குக் கேடு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் பொசுஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். உயிர் சம்பந்தப்பட்ட விடயம் இது. பற்றரி இணைப்பையும் முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

பழைய ஏ40:
மேலே அண்ணா சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் இன்றும் ஓடும் ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களில் ஹெட்டே வார்ப்பிரும்பு. அங்கே வெல்டிங் வழிந்து துளையின் சுவரில் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் இன்னும் நிதானம் வேண்டும்.

துண்டு மட்டத்தோடு முறிந்திருந்தால் நடுவில் பொட்டுக் குத்தி, சிறிய துளையிலிருந்து தொடங்கி, கிடைத்தால் இடப்பக்கம் சுழலும் துரப்பண அலகால் துளையிடுங்கள். பல வேளைகளில் அதுவே துண்டைத் திருகிக்கொண்டு வெளியே வந்துவிடும். துண்டில் இட்ட துளைக்குள் திருகி அதை வெளியே எடுக்கும் ‘ஈசி அவுட்’ கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உள்ளே முறிந்தால், கடினப்படுத்திய அந்த உருக்கைச் சாதாரண அலகு தொடவே தொடாது. அப்போதுதான் உண்மையிலேயே லேத்துக்குப் போக நேரும். மரை கெட்டுப்போனால் ஹெலிகொயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டுக்கொள்ளலாம்.

கொக்குவில்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. நடுவில் உள்ளவை தப்பியிருக்க, கடைசி ஸ்டட் மட்டும் ஏன் முறிந்தது?

சுன்னாகம் மெக்கானிக்:
நல்ல கேள்வி தம்பி. மனிபோல்ட் சூட்டில் நீளும்போதும் ஆறிச் சுருங்கும்போதும் அதன் அசைவு இரு முனைகளிலுமே அதிகம். அங்குள்ள ஸ்டட்டுகள்தான் பக்கவாட்டில் இழுபடுகின்றன. ஆகவே மனிபோல்ட்டின் முகத்தில் நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் முகத்தைச் சமப்படுத்தாமல் பூட்ட வேண்டாம். புது ஸ்டட்டும் அதே இடத்தில் முறியும். லேத்துக்கு எதையாவது அனுப்புவதென்றால் அந்த மனிபோல்ட்டை அனுப்புங்கள்.

பூட்டும்போது எல்லா ஸ்டட்டுகளையும் காஸ்கட்டையும் புதிதாகவே போடுங்கள். பித்தளை நட்டு அல்லது செப்புப் பூச்சு நட்டு இருப்பின் நல்லது. அவை உருக்கு ஸ்டட்டோடு கறள் பிடித்து ஒட்டுவதில்லை. சாதாரண கிறீஸ் எரிந்துபோகும் என்பதால், உயர்வெப்பம் தாங்கும் செப்பு அல்லது நிக்கல் பசையை மெல்லப் பூசுங்கள். பசை உராய்வைக் குறைப்பதால், கைநூலில் உள்ள இறுக்க அளவுக்குச் சற்றுக் குறைவாக, நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி இறுக்கி வாருங்கள். இந்த வேலை முடியும்வரை கார்க் கண்ணாடிகளைத் திறந்துவைத்தே ஓட்டுங்கள். கசியும் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை.