புதுப்பிப்பு: 4கே ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ டிஸ்க்கில் நடுநடுவே திரை கருப்பாவது சரியாயிடுச்சுங்க

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. ஈரோட்டு வீட்டில் 2020-இல் வந்த நீள்பதிப்பு 4கே டிஸ்க்கை ஓட்டினால், சுவருக்குள் போகும் 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் அணைந்து அணைந்து வந்தன, அதுதான் கேள்வி.

பலித்தது பொள்ளாச்சி அண்ணன் சொன்ன வழி: பிளேயர் செட்டிங்கில் 24பி வெளியீட்டை (நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படச்சட்டம் அனுப்புவது) ‘ஆன்’ செய்வது. 4கே எச்டிஆரை (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் படத்தை) நொடிக்கு 60 ஃபிரேமில் அனுப்பினால் கேபிள் நொடிக்குச் சுமார் 18 கிகாபிட் தாங்கணும். படம் 24 ஃபிரேம்தான். அதற்கு 9 போதும். கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. டிஸ்க்கைத் துடைத்ததில் பலனில்லை (அழுக்கென்றால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும்).

எதிர்பாராதது: கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் இருந்த சின்ன வெட்டலும் போயிடுச்சு. டிஸ்க் தொடங்கும்போது மட்டும் ஓரிரு நொடி கருப்பு வரும். டிவி ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்வது அது. ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க் என்பதால் பாதியில் மாற்றும்போதும் வரும், பயப்படாதீங்க.