எலுமிச்சை கொழுந்துல வெள்ளிக் கோடு, எந்த மருந்துக்கும் கேக்கல, ஹெல்ப் ப்ளீஸ்

மடிப்பாக்கம் மாடி:
மொட்டை மாடில பழைய பெயின்ட் பக்கெட்ல எலுமிச்சை வச்சிருக்கேன், அம்மா வாங்கித் தந்த செடி. கொழுந்து இலை ஒண்ணு விடாம நத்தை ஊர்ந்த மாதிரி பளபளன்னு கோடு விழுந்து சுருண்டு போயிடுது. நர்சரில குடுத்த மருந்த ரெண்டு தடவ அடிச்சும் ஒண்ணும் ஆகல, சுருண்ட நுனியெல்லாம் கட் பண்ணேன், அப்புறம் வந்த துளிர்லயும் அதே கோடு. பக்கத்துலயே கறிவேப்பிலை வேற இருக்கு. செடி செத்துடுமா?

வில்வமரத்தடி:
சாகாது தம்பி, பயப்படாதீங்க. வெள்ளைக் கோட்டுக்கு நடுவுல மெல்லிசா கருப்புக் கோடு ஓடுதா பாருங்க.

மடிப்பாக்கம் மாடி:
ஆமாண்ணா, நூல் மாதிரி இருக்கு! வெயில்ல தூக்கிப் பாத்தா கோடு முடியிற எடத்துல மஞ்சளா பொடிசா ஒண்ணு நெளியுது.

வில்வமரத்தடி:
அப்ப இலை துளைப்பானேதான். கருப்பா இருக்கறது புழுவோட கழிவு. தாய் அந்துப்பூச்சி றெக்கைய விரிச்சாலே 4 மில்லிமீட்டர்தான், ராத்திரில வந்து இளந்துளிர்ல முட்டை வைக்கும், முத்துன இலைய அவ்வளவா தொடாது. புழு இலைத்தோலுக்கு உள்ளயே இருந்து திங்கறதால மேல அடிக்கிற மருந்து அதுமேல படவே படாது. கடைசில இலை ஓரத்த மடிச்சு அதுக்குள்ள கூட்டுப்புழுவாயிடும், சுருண்ட ஓரத்த நகத்தால பிரிச்சுப் பாருங்க தெரியும். நீங்க நுனிய வெட்ட வெட்ட புதுத் துளிர் வருது, அதுதான் பூச்சிக்கு விருந்து. 1856லயே கல்கத்தால கெடச்ச பூச்சிய வச்சு இதுக்கு அறிவியல் பேர் வச்சாங்க, நம்ம ஊருப் பக்கத்துப் பழைய ஆளு.

சுருண்ட பழைய இலைய விட்டுடுங்க, பச்சை இருக்கற வரைக்கும் அது செடிக்கு சோறு போடும். அடுத்த துளிர் கட்டை விரல் நீளம் வர்றதுக்குள்ள லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா இலைக்கு அடிலயும் படற மாதிரி அடிங்க, இலை முத்துற வரைக்கும் வாரம் ஒரு தடவ. யூரியா இப்ப வேண்டாம். கடுமையான மருந்தும் வேண்டாம், இந்தப் புழு மேல முட்டை வைக்கிற குட்டிக் குளவிங்க இருக்கு, அதுங்க செத்துடும். வில்வம், கறிவேப்பிலை ரெண்டும் எலுமிச்சை குடும்பம்தான், உங்க கறிவேப்பிலைக் கொழுந்தையும் கவனிங்க, அது சமைக்கிற இலையாச்சே.

தாம்பரம் தக்காளி:
என் தக்காளி இலைலயும் இதே கோடுதாங்க, எலுமிச்சைல இருந்து வந்துச்சா?

வில்வமரத்தடி:
இல்லம்மா, அது குட்டி ஈ போடற கோடு, பூச்சியே வேற.

மடிப்பாக்கம் மாடி:
ரொம்ப நன்றிண்ணா. கத்திரிய உள்ள வச்சுட்டேன். நுனில ரெண்டு குருத்து இப்பதான் அரிசி சைஸ்ல முளைச்சிருக்கு, இன்னிக்கு சாயங்காலமே அடிச்சுடறேன்.