வாவிக்கு அக்கரையில் இருப்பதும் அயல் பிரிவா?

மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் எவ்வளவு பிரிந்து குடியிருக்கிறார்கள் என்று அளக்கிறேன். 2012 குடிசன மதிப்பு, கிராம சேவகர் பிரிவுத் தரவு, கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள். ஒரு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

முதலில் டங்கன் இணையர் 1955இல் தந்த வேற்றுமைச் சுட்டெண்: இரு இனமும் எல்லாப் பிரிவிலும் ஒரே விகிதத்தில் பரவ, ஓர் இனத்தில் எத்தனை பங்கினர் இடம் மாறவேண்டும் என்பது. பெரிய பிரதேச செயலகப் பிரிவுகளாகக் கூட்டினால் மதிப்பு குறைகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பிரிவுகளை வரைபடத்தில் இடம் மாற்றிப் போட்டாலும் அதே விடைதான். முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்குப் பக்கத்தில்தான் தமிழர் வாழும் ஆரையம்பதி என்பதே அதற்குத் தெரியாது.

அப்புறம் மொரில் 1991இல் சொன்ன அயல் பிரிவுத் திருத்தம்: பொது எல்லை உள்ள பிரிவுகளுக்கிடையே இன விகிதம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சுட்டெண்ணிலிருந்து கழிப்பது. எல்லைக்கோடு வாவிக்கு நடுவே ஓடுவதால், பாலம் சுற்றிப் போகவேண்டிய கரைகளும் அயலாகிவிட்டன. அந்தச் சோடிகளை நீக்கினேன், வாவிக்குள் தீவாக இருக்கும் புளியந்தீவு அயலே இல்லாமல் தனித்துப்போனது.

பொது எல்லைக்குப் பதில் கல்லடிப் பாலம் போன்றவற்றின் வழியான வீதித் தூரத்தை நிறையாக (weight) வைத்தால், இந்தத் திருத்திய சுட்டெண் கணிதப்படி செல்லுமா?