டி டிரைவில் பூட்டுப் படம் போட்ட ஃபைல்கள், விண்டோஸ் மாற்றியபின் திறக்கவில்லை

தாமிரபரணிக்காரன்:
அப்பாவின் கம்ப்யூட்டர் (விண்டோஸ் 10 ப்ரோ) ரொம்ப மெதுவாகிவிட்டது என்று எட்டு நாளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தேன். டி டிரைவைத் தொடமாட்டோம் என்றார்கள், தொடவும் இல்லை. ஆனால் அதிலுள்ள ஒரு ஃபோல்டரில் எல்லா ஃபைலிலும் சின்னதாய் ஒரு பூட்டு, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. ஓனர்ஷிப்பை மாற்றியும் பார்த்துவிட்டேன். அப்பாவைக் கேட்டால், "யாரும் பார்க்கக்கூடாதுன்னு எப்பவோ ஒரு டிக் போட்டேன்டா" என்கிறார். பத்திரம், வில்லங்கச் சான்று ஸ்கேன் போனால் போகட்டும், அசல் பீரோவில் இருக்கிறது. அம்மாவின் பழைய போட்டோக்களும் அதற்குள்தான், வேறு காப்பி கிடையாது.

இரவுப்பணி:
ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேராக இருக்குமோ ப்ரோ?

தாமிரபரணிக்காரன்:
இல்லை, ஃபைல் பெயரெல்லாம் ஜேபிஜி, பிடிஎஃப் என்று பழையபடிதான் இருக்கிறது.

பழைய_ஹார்டுடிஸ்க்:
இது விண்டோஸிலேயே இருக்கும் ஈஎஃப்எஸ், ஃபைலை மற்றவர் திறக்க முடியாதபடி பூட்டும் வசதி. அப்பா போட்ட டிக் அதுதான். ஃபைலைத் திறக்க வேண்டிய பிரைவேட் கீ, அதாவது சாவி, டி டிரைவில் இல்லை, சி டிரைவில் அப்பாவின் யூசர் ஃபோல்டருக்குள் இருந்தது, அதுவும் அவருடைய லாகின் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டு. இப்போது அதே பெயரில் அதே பாஸ்வேர்டு போட்டுப் புது அக்கவுண்ட் உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அவர் வேறு ஆள். ஓனர்ஷிப் மாற்றினால் பெட்டி உங்கள் கைக்கு வரும், சாவி வராது.

சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதிலிருக்கும் அப்பாவின் யூசர் ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்டுடிஸ்க்கில் காப்பி எடுங்கள், ஏனென்றால் பொதுவாகப் பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும், உங்களுக்கு எட்டு நாள் போய்விட்டது. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போனால் க்ரிப்டோ, ப்ரொடெக்ட், சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ் என மூன்று ஃபோல்டர் இருக்க வேண்டும், உயிர் அந்த மூன்றில்தான். மறைந்திருக்கும் ஃபைல்களோடு சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லி வைக்காவிட்டால் ப்ரொடெக்ட் காலி ஃபோல்டர் மாதிரி தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ஒருவேளை சி டிரைவை ஃபார்மேட் அடித்திருந்தார்கள் என்றால் உடனே கம்ப்யூட்டரை அணையுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
இருக்கிறது! மூன்றும் இருக்கிறது, காப்பி எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் அப்பா கையெழுத்தில் இருக்கிறது, மூன்று எழுதி மேல் இரண்டையும் அடித்திருக்கிறார். அப்போ கடைசிதானே?

பழைய_ஹார்டுடிஸ்க்:
மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாஸ்வேர்டைத் தட்டி அவரே மாற்றியிருந்தால் கடைசியே போதும். மறந்துபோய் வேறு யாராவது அட்மின் வழியாக ரீசெட் செய்திருந்தால் கீ பழைய பாஸ்வேர்டோடு அப்படியே நின்றுவிடும்.

இனி அந்த மூன்று ஃபோல்டரைப் புது அக்கவுண்டில் ஒட்டினால் நடக்காது. எல்காம்சாஃப்டின் அட்வான்ஸ்டு ஈஎஃப்எஸ் டேட்டா ரெகவரி மாதிரி ஒரு மென்பொருள் வேண்டும், காசு கொடுத்து வாங்குவது. டிஸ்க்கைத் தேடிக் கீயை எடுத்து பாஸ்வேர்டு கேட்கும். கிராக் பதிப்பைத் தேடிப் போய் நிஜமாகவே ரேன்சம்வேரை வீட்டுக்குள் விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி:
அந்த டிக் போட்டதுமே கீயை பேக்கப் எடுக்கச் சொல்லி ஓரமாக ஒரு அறிவிப்பு வரும். நானும் பத்து தடவை மூடியிருக்கிறேன், இப்போதுதான் கீயை பிஎஃப்எக்ஸ் என்ற பேக்கப் ஃபைலாக எடுத்துப் பென்டிரைவில் போட்டேன்.

தாமிரபரணிக்காரன்:
திறந்துவிட்டது சார்! மூன்றாவது பாஸ்வேர்டு ஏற்கவில்லை, அடித்திருந்த இரண்டாவதுதான் ஏற்றது. ரீசெட் செய்தது நான்தானாம், போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது. எனக்கு நினைவே இல்லை, அப்பாவுக்கு நன்றாக இருக்கிறது.