இன்டர்நெட் பில்லில் ரெண்டு ரவுட்டருக்கு வாடகை: எதைக் கட்டணும், எதை மறுக்கலாம்?

மாடிவீடு_3:
வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு. பில் தேதி 1. போன மாதம் (30 நாள் மாதம்) 11ஆம் தேதி வேகம் கூடிய பிளானுக்கு மாறினேன். அன்றே பழைய ரவுட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுசு மாட்டிவிட்டுப் போனார்கள். இந்த மாத பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பிடிபடாதவை இவை:

– பிளான் கட்டணம் இரண்டு தடவை. ஒன்று முழு மாதத்துக்கு, ஒன்று 20 நாளுக்கு. அதற்குக் கீழே மைனஸில் ஒரு தொகை.
– "கருவி வாடகை" இரண்டு தடவை, ஒரே தொகை.
– "வைஃபை கேர்". நான் கேட்கவே இல்லை.
– "சேவை வருகை". நடுவில் ஒருநாள் நெட் வராமல் ஆள் வந்து பார்த்தார்.

கஸ்டமர் கேரில் "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்பதோடு சரி. ரவுட்டரைச் சொந்தமாக வாங்கிவிட்டால் வாடகை நிற்குமா?

கணக்குப்பிள்ளை:
தொகையை விட்டுவிட்டு முதலில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் பக்கத்தில் "இந்த நாள் முதல் இந்த நாள் வரை" என்று இருக்கும். சுருக்க பில்லில் இருக்காது. கணக்கில் லாகின் செய்து விவரமான பில்லை இறக்கிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பிளான் கட்டணம் பெரும்பாலும் முன்கூட்டியே வாங்கப்படுவது. பழைய பிளான் 600, புதியது 900 என்று வைத்துக்கொள்வோம். போன மாதத்துக்கான 600ஐ 1ஆம் தேதியே கட்டிவிட்டீர்கள். 11 முதல் 30 வரை 20 நாள் பழைய பிளானை நீங்கள் பயன்படுத்தவில்லை. அதற்கு 600 × 20 ÷ 30 = 400 திரும்ப வரும். அதுதான் அந்த மைனஸ். அதே 20 நாளுக்குப் புதிய பிளான் 900 × 20 ÷ 30 = 600. அடுத்த மாத முன்பணம் 900. ஆக 900 + 600 − 400 = 1100. அடுத்த பில்லில் 900க்கு இறங்கிவிடும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஒத்துப்போனால் அந்த மூன்றும் சரி. மைனஸ் தொகை 20 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் சண்டைக்குப் போகவேண்டும். மாற்றத்தை நீங்கள் கேட்ட நாளில் பதியாமல் இரண்டு நாள் கழித்துப் பதிந்திருப்பார்கள்.

கருவி வாடகை இரண்டு தடவை வந்தது அநேகமாகத் தப்பு. அதற்கு முன், இரண்டில் ஒன்று பகுதி மாத வாடகையா என்று தேதியைப் பார்த்துவிடுங்கள். ஒரே தொகை, ஒரே தேதி என்றால் பழைய ரவுட்டர் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை என்று பொருள். டெக்னீஷியன் பெட்டியை எடுத்துப் போவது ஒரு வேலை. கிடங்கில் அதன் சீரியல் நம்பரை வரவு வைப்பது வேறு வேலை. இரண்டாவது நடக்கும்வரை சிஸ்டத்துக்கு உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர். அப்படியே விட்டால் ஒருநாள் "திருப்பித் தராத கருவி" என்று முழு விலையையும் போட்டுவிடுவார்கள். வாடகையைவிட அதுதான் பெரிய அடி.

சிவப்புவிளக்கு:
சேவை வருகையைப் பற்றி மட்டும். கோளாறு அவர்கள் லைனில் இருந்தால் கட்டணம் கிடையாது, வீட்டுக்குள் இருந்தால் உண்டு என்பதுதான் பொதுவான நடைமுறை. எங்கே என்பதை டெக்னீஷியன் வேலையை முடிக்கும்போது போடும் காரணக் குறியீடு தீர்மானிக்கிறது. அவசரத்தில் "வாடிக்கையாளர் பக்கம்" என்று தட்டிவிட்டால் பில் தானாக வந்துவிடும்.

அதனால் புகார் எண்ணைச் சொல்லி "முடித்த காரணம் என்ன?" என்று கேளுங்கள். அடுத்த முறை அழைக்கும் முன் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை: ஃபைபர் அறுந்திருக்கும், மடிந்திருக்கும், அல்லது கனெக்டர் கழன்றிருக்கும். 'பான்' விளக்கு விடாமல் பச்சையாக எரிந்தால் லைன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. வைஃபை, லாகின், வீட்டுக்குள் ஓடும் கேபிள் இவற்றைத்தான் சந்தேகிக்கவேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு எண்ணும் இருக்கும், வந்து சேரும் ஒளியின் அளவு அது. வழக்கமான ஜிபான் (வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஒரு வகை) இணைப்பில் அது −8க்கும் −27 டிபிஎம்முக்கும் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) இடையே இருக்கவேண்டும். −28, −29 என்று காட்டினால் ஒளி போதவில்லை. நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதற்குமேல் வாதம் தேவைப்படாது.

ஒரே எச்சரிக்கை: அலமாரிக்குப் பின்னால் ஃபைபர் நசுங்கியிருந்தாலும் இதே சிவப்புதான் எரியும். அது நம் தலையில்தான் விழும்.

பிரிட்ஜ்மோட்:
சொந்த ரவுட்டர் விஷயம். வாங்கியதும் வாடகை நின்றுவிடாது. அவர்கள் பெட்டி அவர்களிடம் போய்ச் சேர்ந்து, ரசீது பதிவான நாளில்தான் நிற்கும்.

ஃபைபரில் இரண்டு வேலைகள் உண்டு. ஒளியை வாங்கி ஈதர்நெட்டாக, அதாவது சாதாரண நெட் கேபிளில் போகும் சிக்னலாக, மாற்றுவது ஓஎன்டி. வைஃபை தருவது ரவுட்டர். இரண்டும் தனித்தனிப் பெட்டியானால் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கலாம், ஓஎன்டி இருந்தாகவேண்டும். இரண்டும் ஒரே பெட்டியானால் அதை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு சிக்னலை மட்டும் கடத்தும் அமைப்பு) போட்டு நம் ரவுட்டரை அதன்பின் மாட்டலாம். ஆனால் பெட்டி வீட்டிலேயே இருப்பதால் வாடகையும் தொடரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரவுட்டர் வாங்குவது வீண்செலவு.

மாற்றுவதற்கு முன் கேட்டு வாங்கவேண்டியவை மூன்று: பிபிபிஓஇ (ரவுட்டர் அவர்கள் நெட்வொர்க்கில் லாகின் செய்யும் முறை) பயனர்பெயர், அதன் கடவுச்சொல், வீலேன் எண் (நம் இணைப்பு எந்தத் தடத்தில் போகவேண்டும் என்று சொல்லும் எண்). வீலேன் எண் விட்டுப்போனால் கேபிள் விளக்கு எரியும், ஐபி முகவரி மட்டும் வராது, அதனால் நெட்டும் வராது. ரவுட்டர் கெட்டது என்று பலர் கடைக்குத் திருப்பி எடுத்துப்போவார்கள். லேண்ட்லைன் போன் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் செருகியிருந்தால் பெட்டியை எடுத்ததும் போனும் செத்துவிடும். புது ரவுட்டரின் வான் போர்ட் (நெட் உள்ளே வரும் கேபிளைச் செருகும் இடம்) ஜிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்றும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் அதற்குமேல் கூட்டிய வேகத்துக்குக் கொடுக்கிற காசு தண்டம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் நம் சொந்தக் கருவியை மாட்ட உரிமை உண்டு. அமெரிக்காவில், வாடிக்கையாளரின் சொந்தக் கருவிக்கு வாடகை போடுவதற்கு 2020 டிசம்பர் முதல் தடை.

மாடிவீடு_3:
கணக்குப்பிள்ளை ஐயா, மைனஸ் தொகை சரியாக 20 நாளுக்கு ஒத்துப்போகிறது. விவரமான பில்லில் கருவி வாடகைக்குக் கீழே இரண்டு சீரியல் நம்பர், இரண்டுக்கும் ஒரே தேதி. ஒன்று இப்போது சுவரில் இருப்பது. மற்றது அவர்கள் எடுத்துப்போனது. அன்று ரசீது எதுவும் வாங்கவில்லையே?

கணக்குப்பிள்ளை:
பரவாயில்லை. பெட்டியை மாற்றிய பணிக்கு ஒரு வேலை எண் இருக்கும், எஸ்எம்எஸ்ஸில் தேடுங்கள். அதோடு பழைய சீரியல் நம்பரையும் 11ஆம் தேதியையும் போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் வேண்டாம். கேட்பதும் இரண்டாக இருக்கட்டும்: ஒன்று, அந்த சீரியல் நம்பரைக் கணக்கிலிருந்து நீக்குவது, இரண்டு, 11ஆம் தேதியிலிருந்து வாங்கிய வாடகையைக் கழிப்பது. இரண்டாவதை மட்டும் கேட்டால் இந்த மாதம் கழித்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி போடுவார்கள்.

வைஃபை கேர் பெரும்பாலும் புது பிளானோடு ஒட்டிவரும் இலவசச் சோதனை. காலம் முடிந்ததும் கட்டணமாக மாறும். கணக்கில் 'கூடுதல் சேவைகள்' பக்கத்தில் நீங்களே நிறுத்தலாம். நிறுத்திய பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

சந்தேகமில்லாத தொகையைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். மொத்தத்தையும் நிறுத்திவைத்தால் தாமதக் கட்டணம் ஏறும், அதைத் தனியாக விவாதிக்கவேண்டிவரும். ஆட்டோ-பே போட்டிருந்தால் புகார் முடியும்வரை அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முழுத்தொகையும் போய்விடும். ஆட்டோ-பேக்குத் தள்ளுபடி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் அது போகும்.

சிவப்புவிளக்கு:
அடுத்த தடவை பெட்டியை எடுக்க ஆள் வந்தால், அதைக் கவிழ்த்து ஸ்டிக்கரை ஒரு போட்டோ, அடாப்டரோடு சேர்த்து இன்னொரு போட்டோ. அடாப்டர் வரவில்லை என்றும் தனியாகப் பில் போடுவதுண்டு.