பழைய லம்பாடிப் பாவாடையை வெட்டித் திண்டு உறை தைக்கலாமா? வாடகை வீட்டில் போஹோ அலங்காரம்

கேள்வி: ஆய்வகப் பணியாளர், தருமபுரி

வணக்கம். பென்னாகரம் சாலையை ஒட்டிய தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு வேலை. நாள் முழுவதும் வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, வெள்ளை மேலங்கி. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே வெள்ளைதான். அதனால்தான் போஹோ எனப்படும் பொஹீமிய அலங்காரத்தின் மேல் ஆசை வந்தது. பல நிறத் துணிகள், தரையில் உட்காரும் இடம், தொங்கும் செடிகள், ஒன்றோடொன்று பொருந்தாத பழைய பொருள்கள் எல்லாம் சேர்ந்து இருக்கும் வீடு வேண்டும்.

இணையத்தில் இதற்கென்றே ஒரு தொகுப்பு வாங்கினேன். நூல் தொங்கல், பிரம்பு வட்டக் கண்ணாடி, உலர்ந்த நாணல் கொத்து, எல்லாமே ஒரே வெளிர்பழுப்பு. மாட்டிப் பார்த்தபோது கடையின் காட்சிப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது கையில் இருப்பவை: அம்மா கொடுத்த பவானி ஜமுக்காளம், பாட்டியின் தகரப் பெட்டி, இரண்டு ஈச்சம் பாய்கள். இவற்றோடு, சென்ற தை மாதம் அரூர்ப் பக்கம் ஒரு தாண்டாவில், அதாவது லம்பாடி மக்களின் குடியிருப்பில், வயதான அம்மா ஒருவரிடம் 2,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய லம்பாடிப் பாவாடை. கண்ணாடிச் சில்லும் சோழியும் அடர்த்தியாக வைத்துத் தைத்தது. இடுப்புப் பட்டை மட்டும் கிழிந்திருக்கிறது. அதை வெட்டினால் நான்கு திண்டு உறைகள் வரும் என்கிறார் தையல்காரர். வெட்டலாமா? வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்க விடமாட்டார். ஸ்பைடர் பிளாண்ட் வாங்கி வைத்தால் இலை நுனி கருகிப் பழுப்பாகிவிடுகிறது. இவற்றுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: தச்சு வேலை, ஓசூர்

ஆணி இல்லாமலே முடியும் சகோதரி. ஹாலின் மேல்தளத்தில் ஊஞ்சல் கொக்கி விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தொட்டியை அதில் தொங்கவிடலாம். தண்ணீர் ஊற்றிய தொட்டியின் எடையை அது சுலபமாகத் தாங்கும். துணி மாட்ட, பரணின் விளிம்பில் இரண்டு வளைகொக்கிகள் போட்டு ஒரு மூங்கில் கழியைக் கிடையாகத் தொங்கவிடுங்கள். பச்சை மூங்கில் வேண்டாம், சீக்கிரம் உளுத்துவிடும். நன்றாகக் காய்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

விளக்கை மாற்றாமல் எந்த அலங்காரமும் எடுபடாது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்.இ.டி. பல்பை ஒரு மூலையில், இடுப்பு உயரத்தில் எரியவிட்டுப் பாருங்கள். ஜமுக்காளத்தின் சிவப்பு அப்போதுதான் எழுந்து நிற்கும்.

பதில்: ஆசிரியை, கிருஷ்ணகிரி

அக்கா, கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் சிட்லிங்கிப் பக்கத்துத் தாண்டாவில் பிறந்தவள். நீங்கள் பாவாடை என்று சொல்வதற்கு எங்கள் மொழியில் பேட்டியா என்று பெயர். மேலே போடுவது காஞ்சளி. என் பாட்டி மாடு மேய்க்கப் போகும்போதும் மடியில் துணியும் நூலும் இருக்கும். ஒரு பேட்டியா அவளுக்கு மாதக்கணக்கில் ஆகும். அவள் இடுப்புக்கும் அவள் நடைக்கும் அளவெடுத்த துணி அது. அம்மா பள்ளிக்கு அதை உடுத்திப்போய்க் கேலிப்பட்டாள், அழுதாள், பிறகு தொடவே இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் கைவேலை மூத்த பெண்கள் சிலரோடு முடிந்துபோக இருந்தது. அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டதால்தான் பிழைத்தது. இன்று ‘போர்கை’ என்ற பெண்கள் குழுவாக அதைச் செய்கிறார்கள். போர்கை என்றால் பெருமிதம்.

நீங்கள் தேடும் பெயரிலும் இதே கதைதான் இருக்கிறது. பொஹீமியா இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி. நாடோடிகளாக வந்த ரோமா மக்களை அங்கிருந்து வந்தவர்கள் என்று எண்ணி பிரெஞ்சுக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வறுமையில் வாழ்ந்த கலைஞர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரோமா மக்களின் மொழி வட இந்தியாவில் வேர் கொண்டது. எங்கள் முன்னோரும் மாட்டுப் பொதியில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போனவர்கள்தாம். அப்படிப் போனவர்களின் உடுப்பு வீட்டில் அழகாகத் தொங்குவதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சிதான். அது முழுசாகத் தொங்கட்டும்.

வேலைப்பாட்டைப் பார்த்தாலும் வெட்டக்கூடாது. கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருப்பது நூல் மட்டும்தான். வெட்டிய ஓரத்திலிருந்து தையல் நெகிழும், சில்லுகள் ஒவ்வொன்றாக உதிரும். திண்டில் சாய்கிறவர் முதுகிலும் குத்தும். கிழிந்த பட்டைக்குப் பின்னால் புதிய பருத்தித் துணி வைத்துத் தைத்து, மூங்கில் நுழைய ஒரு குழல் விட்டு, மேலே சொன்ன கழியில் விரித்து மாட்டுங்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், சாயம் வெளுக்கும். திண்டு உறை வேண்டுமென்றால் தாண்டாப் பெண்களிடம் புதிதாகவே சொல்லித் தைத்து வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

தொங்கும் செடிகள் வேண்டும் என்றும், நூல் தொங்கல் வாங்கித் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னீர்கள். நம் உறிதானே அது? பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் மோர்ப்பானை தொங்கிய உறி. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் கயிறு வாங்கி நீங்களே முடியலாம்.

பதில்: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு), பாலக்கோடு

செடிக்கு மட்டும் பதில் சொல்கிறேன் அம்மா. எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் அதிலுள்ள ஃபுளோரைடுதான் காரணமாக இருக்கக்கூடும். நம் மாவட்டத்தில் பல்லில் கறை ஏற்றும் அதே உப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஸ்பைடர் பிளாண்டும் டிரசீனாவும் அதைத் தாங்காது. இலை நுனியில் சேர்ந்து கருக்கிவிடும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்துச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். மழை நீரோ காவிரிக் குழாய் நீரோ ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரம் போடாதீர்கள். உறியில் மணி பிளாண்ட் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

மீண்டும்: ஆய்வகப் பணியாளர், தருமபுரி

ஐயா, ஆர்.ஓ. கழிவு நீரைத்தான் இரண்டு வருடமாக ஊற்றி வந்தேன். இன்றே நிறுத்திவிட்டேன்.

தங்கை, தையல்காரரிடமிருந்து பேட்டியாவை வாங்கி வந்துவிட்டேன். பட்டையின் உட்புறம், கிழிசலுக்குப் பக்கத்தில், வேறு நிற நூலில் யாரோ முன்பே ஒருமுறை ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறார்கள். உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அந்த ஒட்டைப் பிரிக்காமலே அதன் மேல் புதிய துணி வைக்கலாமா? தூசியை எப்படி எடுப்பது?

பதில்: ஆசிரியை, கிருஷ்ணகிரி

பிரிக்க வேண்டாம் அக்கா. ஒட்டு மறையாதபடி புதிய துணியை அதற்குக் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். தூசிக்கு மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். துவைத்தே ஆகவேண்டும் என்றால் குளிர்ந்த நீரில் தனியாக அலசி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். பிழியாதீர்கள்.